‘தாரே ஜமீன் பர்’: அம்மாவின் நோட்டும் ஆசிரியரின் திட்டமும்

போன மாதம் அக்கா வீட்டில் ‘தாரே ஜமீன் பர்’ படத்தை மறுபடியும் பார்த்தோம். 2007 டிசம்பரில் வந்தபோது கல்லூரி நண்பர்களோடு தியேட்டரில் பார்த்திருக்கிறேன். இந்தி அரைகுறை, சப்டைட்டில்தான் துணை. இடைவேளைக்குப் பிறகு பக்கத்து சீட்டுக்காரன் அழுதான், நானும் அழுதேன். இந்த முறை அழுகை வரவில்லை. அதற்குக் காரணம் அக்கா நடுவில் கேட்ட ஒரு கேள்வி.

ஓவிய ஆசிரியர் நிகும்ப், இஷானின் மும்பை வீட்டுக்குப் போகிறார். அவர் கேட்டதும் அம்மா பழைய நோட்டுகளை எடுத்துக் காட்டுகிறார். அந்த இடத்தில் அக்கா ரிமோட்டை எடுத்து படத்தை நிறுத்திவிட்டாள்.

“அந்தம்மாதானேடா எல்லா நோட்டையும் பத்திரமா வெச்சிருக்காங்க. தினமும் அவனோட உக்காந்தது அவங்கதானே? இவர் நோட்ட வாங்கிப் பாத்துட்டு அவரே பாடம் நடத்துறாரு. அந்தம்மாவ யாராச்சும் ஒரு கேள்வி கேட்டாங்களா?”

படம் மறுபடி ஓடியது. என் மனம் அங்கேயே நின்றுவிட்டது. அக்காவின் பையனுக்கு இப்போது ஒன்பது வயது. போன வருடம்தான் அவனுக்கும் டிஸ்லெக்சியா என்று சொன்னார்கள். அதனால் அக்கா கேட்டது சினிமாவைப் பற்றி மட்டுமல்ல. அவள் என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இது அந்தப் படத்தைக் குறை சொல்லும் பதிவாகத் தோன்றலாம். அதனால் அதற்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன்.

படம் செய்த நல்லது

அமோல் குப்தே எழுதி, ஆமிர் கான் இயக்கிய படம். மூன்றாம் வகுப்பை இரண்டாம் முறை படிக்கும் இஷான் அவஸ்தி என்ற சிறுவனுக்கு எழுத்துகள் பிடிபடவில்லை. சோம்பேறி, அடங்காதவன் என்று பெயர் வாங்குகிறான். பள்ளியிலிருந்து புகார் வர, அப்பா அவனைப் போர்டிங் ஸ்கூலில் சேர்க்கிறார். அங்கே அவன் முழுவதும் ஒடுங்கிப் போகிறான். தற்காலிகமாக வரும் ஓவிய ஆசிரியர் அவனுக்கு டிஸ்லெக்சியா என்று கண்டுபிடித்து, சொல்லிக்கொடுத்து மீட்கிறார்.

இந்தப் படத்தை அது வந்த காலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது நடைமுறையில் இருந்தது 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம். அது ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. கற்றல் குறைபாடு அவற்றில் இல்லை. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம்தான் பட்டியலை 21 ஆக்கி, அதில் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. அதாவது சட்டத்துக்கு ஒன்பது வருடம் முன்பே படம் அந்த விஷயத்தை வீட்டு ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டது. “மக்கு” என்ற சொல்லுக்கு மாற்றாக இன்னொரு சொல் இருக்கிறது என்று பல பெற்றோர் முதன்முதலில் தெரிந்துகொண்டது இதில்தான். என் அக்காவும் பள்ளியில் “டிஸ்லெக்சியா” என்றதும், “ஓ, அந்த ஆமிர் கான் படமா?” என்றுதான் கேட்டாள்.

இது சின்ன விஷயமில்லை. ஆனால் இவ்வளவு பேருக்குப் பாடப்புத்தகமாக ஆகிவிட்ட படம், ஒரு தவறான பாடத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறது. அது குடும்பத்தைப் பற்றியது.

நான்கு சந்திப்புகள்

குடும்பமும் பள்ளியும் (அல்லது ஆசிரியரும்) நேருக்கு நேர் பேசும் இடங்களை எண்ணிப் பார்த்தேன். முக்கியமாக நான்கு.

முதலாவது, மும்பைப் பள்ளி. பெற்றோரை வரச் சொல்கிறார்கள். ஆசிரியைகள் வரிசையாகக் குறைகளை அடுக்குகிறார்கள். ஸ்பெஷல் ஸ்கூல் பற்றிய பேச்சு வருகிறது. அப்பாவுக்குக் கோபம். முடிவு, போர்டிங் ஸ்கூல். இந்தச் சந்திப்பு தப்பு என்று படத்துக்கே தெரியும். பள்ளியின் பொறுப்பின்மையை நன்றாகவே காட்டுகிறது.

இரண்டாவது, அக்கா நிறுத்திய காட்சி. நிகும்ப் வீட்டுக்கு வருகிறார், நோட்டுகளைப் பார்க்கிறார், ஒரே மாதிரித் தவறுகள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனிக்கிறார். பிறகு அப்பா, அம்மா, அண்ணன் மூவரையும் வைத்து விளக்குகிறார். அப்பா ஏற்க மறுக்கும்போது, அந்நிய மொழியில் அச்சிட்ட ஒரு விளையாட்டுப் பெட்டியைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். அவரால் படிக்க முடியவில்லை. “முயற்சி பண்ணுங்க” என்று அதட்டுகிறார். அப்பாவுக்கு உறைக்கிறது. நல்ல நாடகம். ஆனால் அந்தக் காட்சி முழுக்கப் பேச்சு ஒரே திசையில்தான் போகிறது. ஆசிரியர் சொல்கிறார், குடும்பம் கேட்கிறது.

மூன்றாவது, அப்பா பள்ளிக்கு வரும் இடம். மனைவி இணையத்தில் டிஸ்லெக்சியா பற்றி நிறையப் படித்துக்கொண்டிருக்கிறாள், எங்களுக்கு அக்கறை இல்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்று சொல்ல வருகிறார். அதற்கு நிகும்ப் அக்கறை என்றால் என்ன என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்துவிட்டு, சாலமன் தீவுக் கதையைச் சொல்கிறார். அங்கே மரத்தை வெட்டுவதில்லை, சுற்றி நின்று திட்டுவார்கள், சில நாளில் மரம் தானாகவே பட்டுப்போய்விடும் என்ற கதை. அப்பா குனிந்த தலையோடு போகிறார்.

நான்காவது, கடைசியில். ஓவியப் போட்டி முடிந்து, ஆசிரியர்கள் பையனைப் புகழ, அப்பா உடைந்து அழுது நன்றி சொல்கிறார்.

குற்றம் சாட்டப்பட்டவர்கள், பாடம் கேட்பவர்கள், கண்டிக்கப்படுபவர்கள், நன்றி சொல்பவர்கள். படத்தில் பெற்றோருக்கு இந்த நான்கு வேஷம்தான். “உங்க பையன் எப்போ நல்லாப் படிக்கிறான், எப்போ படிக்க மாட்டேங்குறான்?” என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

திட்டம் போட்ட அறை

இஷானுக்கு என்ன செய்வது என்ற திட்டம் எங்கே முடிவாகிறது? போர்டிங் ஸ்கூல் பிரின்சிபால் அறையில். நிகும்ப் பேசுகிறார், எழுத்துப்பிழையைக் கொஞ்ச நாள் கண்டுகொள்ளாதீர்கள், வாய்மொழியாகக் கேளுங்கள், கற்றுக்கொடுக்க நான் நேரம் ஒதுக்குகிறேன் என்கிறார். பிரின்சிபால் சம்மதிக்கிறார். அவ்வளவுதான். பிறகு மணல், களிமண், படிக்கட்டில் எழுதிய எண்கள் என்று வேலை நடக்கிறது. எல்லாம் சரியான முறைகள்தான், முறையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த அறையில் அம்மா இல்லை. போனில்கூட இல்லை. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் யார் அதைத் தொடர்வது என்ற கேள்வியே எழவில்லை.

இத்தனைக்கும் அம்மாவைப் பற்றிப் படமே கொடுக்கும் சாட்சியங்களைப் பாருங்கள். பிள்ளைகளுக்காக வேலையை விட்டவர். தினமும் மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதவைப்பவர். நேற்று சரியாக எழுதிய வார்த்தையை இன்று ஏன் தப்பாக எழுதுகிறான், அதே பக்கத்தில் ஏன் வேறு வேறு மாதிரி எழுதுகிறான் என்று குழம்பித் தவிப்பவர். இது டிஸ்லெக்சியாவின் மிக முக்கியமான அடையாளங்களில் ஒன்று. சொல் தெரியாததால் அவரால் பெயர் வைக்க முடியவில்லை, ஆனால் கவனித்துவிட்டார். நோட்டுகளையும் சேமித்து வைத்திருந்தார். நிகும்ப் வீட்டில் பார்த்த தரவு முழுவதும் அந்த அம்மா சேர்த்தது. படம் அந்தத் தரவை வாங்கிக்கொண்டு, கண்டுபிடித்த பெருமையை ஆசிரியருக்குக் கொடுத்துவிடுகிறது.

மூன்றாவது சந்திப்பை நினைத்தால் எனக்கு இப்போது அதிக வருத்தம். ஒரு அம்மா ராத்திரி உட்கார்ந்து இணையத்தில் தேடிப் படிக்கிறாள் என்பது எவ்வளவு நல்ல செய்தி! “என்ன படிச்சாங்க? அவங்க என்ன நினைக்கிறாங்க? அடுத்த வாரம் வரச் சொல்லுங்க, உக்காந்து பேசலாம்” என்று சொல்லியிருக்கலாம். கதவைத் தட்டி வந்த மனிதரிடம், உங்கள் அக்கறை போதாது என்று கதை சொல்லி அனுப்புகிறார் நம் ஹீரோ. தியேட்டரில் அதற்குத்தான் கைதட்டினோம்.

“அந்த அப்பா அதற்குத் தகுதியானவர்தானே, அடித்தார், விரட்டினார்” என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். இது ஆசிரியரைப் பற்றிய படம், கமிட்டி மீட்டிங்கைப் பற்றிய படம் அல்ல என்றும் சொல்லலாம். அதுவும் சரி. ஆனால் படம் முடிந்து பதினெட்டு வருடம் ஆன பிறகும் பல பள்ளிகளில் பெற்றோரை நடத்தும் விதம் இந்த நான்கு வேஷத்தைத் தாண்டவில்லை. அதனால்தான் இதைச் சினிமாவோடு விட்டுவிட முடியவில்லை.

பெற்றோர் உட்காரும் நாற்காலி எப்படி வந்தது

பெற்றோரும் சேர்ந்து திட்டம் போட வேண்டும் என்பதை முதலில் சட்டமாகவே எழுதிய நாடுகளில் அமெரிக்கா முக்கியமானது. அது யாரோ நல்ல மனதோடு கொடுத்த சலுகை இல்லை. பென்சில்வேனியாவில் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் தொடங்கிய சங்கம் மாநில அரசு மீது வழக்குப் போட்டது. 1972இல் அதில் உடன்பாடு முடிவானது. அதே வருடம் வாஷிங்டன் நகரில் மில்ஸ் வழக்கின் தீர்ப்பும் வந்தது. இரண்டும் குழந்தைகளைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தக் கூடாது என்றன. 1975இல் வந்த மத்தியச் சட்டம் தன் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டது: நாட்டில் 80 லட்சத்துக்கு மேல் ஊனமுற்ற குழந்தைகள், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தகுந்த கல்வி இல்லை, 10 லட்சம் பேர் பொதுப் பள்ளி அமைப்புக்கே வெளியே.

அந்தச் சட்டம் ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்தில் ஒரு தனித்திட்டம் வேண்டும் என்றது. அதுதான் இன்று நம் ஊரிலும் ஐ.இ.பி. என்று சொல்லப்படும் தனிநபர் கல்வித் திட்டம். இன்றைய வடிவில் அந்தத் திட்டக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்ற பட்டியலில் முதல் பெயரே குழந்தையின் பெற்றோர்தான். பொது வகுப்பு ஆசிரியர், சிறப்பாசிரியர், பள்ளிப் பிரதிநிதி எல்லாம் அதற்குப் பிறகு.

விதிமுறைகள் இன்னும் இறங்கிப் பேசுகின்றன. கூட்டம் பற்றி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். நேரமும் இடமும் இரு தரப்புக்கும் ஒத்துவர வேண்டும். வர முடியாவிட்டால் போன் மாதிரி வேறு வழியில் சேர்க்க வேண்டும். காது கேளாத பெற்றோருக்கும், வேறு தாய்மொழிக்காரர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்ய வேண்டும். பெற்றோர் இல்லாமல் கூட்டம் நடத்தினால், அவர்களை அழைக்க என்னென்ன முயற்சி செய்தோம் என்று பதிவு காட்ட வேண்டும். திட்டத்தின் நகலைக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது மறுபடி உட்கார வேண்டும்.

படிக்கும்போது பொறாமையாக இருந்தது. ஆனால் கொஞ்சம் தோண்டினால் கதை அவ்வளவு இனிப்பாக இல்லை.

1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரௌலி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஏமி ரௌலி காது கேளாத சிறுமி, பெற்றோரும் காது கேளாதவர்கள். வகுப்பில் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டார்கள். உதட்டசைவைப் பார்த்தே அவள் சராசரிக்கு மேல் படிக்கிறாளே, அது தேவையில்லை என்றது பள்ளி. நீதிமன்றம் பள்ளி பக்கம் நின்றது. அதே தீர்ப்பு பெற்றோர் பங்கேற்பைப் புகழ்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அவர்களைச் சேர்ப்பதற்குச் சட்டம் பெரும் முக்கியத்துவம் கொடுக்கிறது என்கிறது. காது கேளாமை என்றால் என்ன என்று அந்த அறையில் இருந்த எல்லோரையும்விட அந்தப் பெற்றோருக்குத்தான் தெரியும். அவர்களுக்கு நாற்காலி கிடைத்தது, கேட்டது கிடைக்கவில்லை.

இன்னொரு நோய், முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டுப் பெற்றோரைக் கூப்பிடுவது. 2004இல் டென்னசி மாநில வழக்கு ஒன்றில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு குறிப்பிட்ட பயிற்சிமுறையைக் கொடுப்பதில்லை என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டுக் கூட்டம் நடத்துவது பங்கேற்பு ஆகாது என்றது. பெற்றோர் கூட்டத்தில் இருந்தார்கள், பேசினார்கள், ஆனால் எதுவும் மாறும் வாய்ப்பே இல்லை என்றால் அந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை.

நீதிமன்றம் வரை போகாத குடும்பங்களின் கதையை பெத் ஹாரி என்ற ஆய்வாளர் எழுதியிருக்கிறார். புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்களைப் பற்றிய அவருடைய நூல் 1992இல் வந்தது. அந்தத் தாய்மார்கள் ஆசிரியர்மேல் உள்ள மரியாதையால் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. பள்ளி அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறது. 1995இல் சகாக்களோடு அவர் எழுதிய, ஆப்பிரிக்க அமெரிக்கப் பெற்றோர் பற்றிய கட்டுரையின் தலைப்பிலேயே “உரையாடலா, விதிக்குக் கீழ்ப்படிதலா” என்ற எதிர்நிலை இருக்கிறது. கையெழுத்து வாங்கிவிட்டால் விதி நிறைவேறிவிட்டது. உரையாடல் நடந்ததா என்பது வேறு கேள்வி. ஆர்வத்தோடு வந்த பெற்றோர் போகப் போக விலகிப் போகிறார்கள் என்று காட்டுகிறது அது.

இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரவில்லை. நம்ம ஊர் பெற்றோர் கூட்டம்தான் ஞாபகம் வந்தது. “டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று தலையாட்டிவிட்டு, பள்ளி கேட்டைத் தாண்டியதும் புலம்பும் அம்மாக்களை நமக்குத் தெரியாதா?

நம் சட்டத்தில் ஒரு விசித்திரம்

நம் கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 21 பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம். 2012 திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளையும் அந்தப் பிரிவில் சேர்த்தது. ஆக, அவர்களுடைய பெற்றோருக்கும் குழுவில் இடம் உண்டு. பிரிவு 22இன்படி அந்தக் குழு பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும். உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இது பொருந்தாது.

இப்போது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் கல்விப் பிரிவுகளான 16, 17ஐப் படியுங்கள். நல்ல விஷயங்கள் நிறைய. பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், தேவைக்கேற்ற தனிப்பட்ட உதவி தர வேண்டும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிய வேண்டும், தேர்வில் கூடுதல் நேரம், எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு. ஆனால் அந்தத் தனிப்பட்ட உதவியைப் பெற்றோரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும் என்று ஒரு வரி அந்த இரண்டு பிரிவுகளிலும் இல்லை.

அதாவது, அரசுப் பள்ளிக்குக் காம்பவுண்டு சுவர் வேண்டுமா, கழிப்பறை வேண்டுமா என்ற திட்டத்தில் பெற்றோருக்குப் பெரும்பான்மை. தன் பிள்ளை எழுத்துப் படிப்பது எப்படி என்ற திட்டத்தில் பெற்றோருக்குச் சட்டப்படி ஒரு நாற்காலி இல்லை! நல்ல சிறப்பாசிரியர்கள் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், அப்படிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அது அவர்களுடைய குணம். நம்முடைய உரிமை அல்ல.

நம் அரசுத் திட்டங்களில் பெற்றோருக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் வினைச்சொற்களையும் கவனியுங்கள்: பெற்றோருக்குப் பயிற்சி, பெற்றோருக்கு ஆலோசனை, பெற்றோருக்கு விழிப்புணர்வு. எல்லாம் பெற்றோர்“க்கு”. பெற்றோர்“இடமிருந்து” என்ற வேற்றுமை உருபு எங்கேயும் வராது. அப்பாவிடம் விளையாட்டுப் பெட்டியைக் கொடுத்த நிகும்ப் சாரின் இலக்கணமும் அதுதான்.

கடைசியாக, என் பங்கு

போன வருடம் அக்கா பையனின் பள்ளியில் அவனுக்கான திட்டம் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை. “நீ படிச்சவன், கூட வாடா” என்று அக்கா என்னை அழைத்துப்போனாள். எந்தப் பள்ளி என்பது இங்கே தேவையில்லை. இருபது நிமிடக் கூட்டம். திட்டம் டைப் செய்யப்பட்டுத் தயாராக மேஜைமேல் இருந்தது. கீழே “பெற்றோர் கையொப்பம்” என்று ஒரு கோடு.

திட்டத்தில் ஒரு அம்சம், தினமும் மாலை வீட்டில் அரை மணி நேரம் எழுத்துப் பயிற்சி. அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “மிஸ், சாயங்காலம் அவனுக்கு எதுவும் ஏற மாட்டேங்குது. காலைல எழுந்ததும் ஓரளவு எழுதுறான். நான் ஒரு நோட்டுல...” என்று கைப்பையைத் திறந்தாள். ஸ்பெஷல் எஜுகேட்டர் சிரித்த முகத்தோடு, “எல்லா அம்மாவும் முதல்ல இப்படித்தான் சொல்வாங்க, பழகிடும்” என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? “அக்கா, அவங்க இதுக்குன்னே படிச்சவங்க. சொல்றபடி செஞ்சு பாப்போம்” என்றேன். அவள் கைப்பையை மூடிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

நான்கு மாதம் அந்த வீட்டில் மாலை என்றாலே சண்டை. பையன் பென்சிலை ஒளித்து வைத்தான். ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அக்கா அவனை அடித்துவிட்டு எனக்குப் போன் செய்து அழுதாள். அந்த வாரக் கடைசியில் போனபோதுதான் நான் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நாற்பது பக்க நோட்டு. தேதி, நேரம், என்ன எழுதினான், எத்தனை தப்பு, அன்று பள்ளியில் என்ன நடந்தது, தூங்கினானா, சாப்பிட்டானா. காலையில் எழுதியதில் தலைகீழ் எழுத்துகள் குறைவு, மாலையில் அதிகம். பரிட்சை நாள், விளையாட்டு நாள் மாலைகளில் மிக அதிகம். நான் ஆய்வு செய்கிறவன் என்று சொல்லிக்கொள்பவன். இவ்வளவு ஒழுங்கான களக்குறிப்பை நான் எடுத்ததில்லை.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். இந்த முறை அந்த எஜுகேட்டர் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஐம்பது பிள்ளைகளின் தாள்களைத் தனி ஆளாகப் பார்க்கிறவர் அவர், அதையும் மறக்கக் கூடாது. பயிற்சி காலையில் பதினைந்து நிமிடமாக மாறியது. மாலையில் அவன் வாயால் கதை சொல்வான், அக்கா எழுதிக்கொள்வாள்.

மாயம் எதுவும் நடக்கவில்லை. ஓவியப் போட்டியில் அவன் ஜெயிக்கவில்லை, அவனுக்கு வரையவும் வராது. இப்போதும் தமிழ் ஒற்றெழுத்தில் தடுமாறுகிறான். ஆனால் பென்சிலை ஒளிப்பதில்லை. நான்கு மாதம் முன்பே வந்திருக்க வேண்டிய மாற்றம் அது. வராததற்குப் பள்ளி பாதிக் காரணம் என்றால், “படிச்சவங்க” என்று சொல்லி அக்கா கையைத் தடுத்த நான் மீதிப் பாதி.

இதிலிருந்து எனக்குப் புரிந்ததை, இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திட்டத்தின் நகலைக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே கேளுங்கள். அங்கேயே கையெழுத்துப் போட வேண்டாம், “வீட்டுல பேசிட்டு வர்றேன்” என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நீங்கள் கவனித்ததைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். வாயால் சொன்னால் “அம்மா புலம்பல்”, எழுதிக் காட்டினால் தரவு. உலகம் அப்படித்தான் இருக்கிறது. கூடப் போகும் உறவினர்களுக்கு ஒன்றே ஒன்று: வாயை மூடிக்கொண்டு, கைப்பையைத் திறக்க விடுங்கள்.

படம் முடிந்ததும் அக்காவிடம், “அப்போ நீ அந்தப் படத்தை எப்படி எடுத்திருப்ப?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“பிரின்சிபால் ரூம்ல இன்னொரு சேர் போட்டிருப்பேன்,” என்றாள். “அப்புறம் அந்தம்மா நோட்ட அவங்களே படிச்சுக் காட்டுவாங்க. பாட்டெல்லாம் அப்படியே இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு.”